வள்ளிக்கு வலிக்காது

ஜமுனா பண்பாட்டுப் பொருத்தத் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். தேறுவதற்கு ஐம்பது வேண்டும்.

பாக்கியவதி அந்தப் பட்டியலை மூன்று தரம் பார்த்தாள். நான்கு வருடமாக வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்துகொண்டிருந்த பெண். ஊசிக்கு நரம்பு பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளுக்கு முப்பத்தொன்று. கடைசி வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் எண்பது, எண்பத்தைந்து என்று வாரி வழங்கியிருந்தது மதிப்பெண் போடும் இயந்திரம்.

வெறும் மதிப்பெண்ணாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். தொரட்டிமலைத் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை நான்கு வருடமாகக் காலியாகக் கிடந்தது. போடுகிறவர்கள் எல்லாம் மூன்றே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். அந்த மலையிலேயே பிறந்து, அந்த மலையிலிருந்து நர்சிங் படிக்க வந்த முதல் பெண் ஜமுனா. ஜூன் மாதம் அவளை அங்கே போடுவதாக இருந்தார்கள். இந்த ஒரு தேர்வில் தவறினால் முழு வருடமும் போச்சு. வேலையும் வேறு யாருக்காவது போய்விடும்.

பாக்கியவதிக்கு ஐம்பத்தாறு வயது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்சாக இருந்துவிட்டு, கடைசி ஆறு வருடமாக இந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கோபக்காரி என்று பெயர் வாங்கியவள்தான். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தில் காலைக் காப்பி ஆறிப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தேர்வு நடப்பது இரண்டாம் மாடியில், பாவனை வார்டில். ஆறு கட்டில், ஆறு பொம்மை. பொம்மை என்று வாய் பழகிவிட்டதே தவிர அவை மூச்சுவிடும், வியர்க்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமூகம், ஒரு சுபாவம். நோயாளியின் பழக்கவழக்கத்தை மதித்து வைத்தியம் பார்க்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சென்னையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. நல்ல எண்ணம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாத்திமா பீவியின் திரையை விலக்குமுன் குரல் கொடுக்க வேண்டும், ஆண் நர்ஸ் தொடக் கூடாது. கோமதி அம்மாளின் தட்டில் முட்டை வாசனைகூடப் படக் கூடாது. சாமியப்பன் ஐயாவை எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நாடி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தைத் துப்பிவிடுவார். இப்படி ஐந்து பேருக்கும் ஏதோ ஒன்று வேண்டும், ஏதோ ஒன்று கூடாது.

ஆறாவது பொம்மை தொரட்டிமலைக் கர்ப்பிணி. மலைப்பெண் என்றதும் வள்ளி என்று பெயர் வைக்கக் கம்பெனிக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வள்ளிக்கு மட்டும் எதுவும் வேண்டாம்.

அவளைப் பற்றிய கையேட்டில் நாலே வரி. "இச்சமூகப் பெண்கள் இயல்பிலேயே வலியைத் தாங்கும் ஆற்றல் உள்ளவர்கள். வலியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்தும். அவர்களது மௌனத்தை மதிக்கவும். நோயாளி தாமாகக் கேட்டாலொழிய வலி மருந்து தேவையில்லை." போன வருடம் பாக்கியவதியே இதை வகுப்பில் உரக்க வாசித்து, பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

ஜமுனாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்று நடந்ததைச் சொன்னாள். வள்ளிக்குப் பிரசவ வலி முற்றிய கட்டம். எப்படியம்மா இருக்கிறது என்று ஜமுனா கேட்டதற்கு வள்ளி, "ஒண்ணுமில்லைங்க சிஸ்டர்" என்று சொன்னாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். ஜமுனா போகவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று ஏழு தரம் கேட்டாள். வலி மருந்துக்கும் எழுதினாள். ஏழு தரத்துக்கும் இயந்திரம் மதிப்பெண்ணைக் குறைத்தது. திணிப்பு என்று காரணம் போட்டிருந்தது.

கையேட்டைப் படித்தாயா என்று பாக்கியவதி கேட்டாள். படித்தாளாம். பிறகு ஏன் கேட்டாய் என்றதும் ஜமுனா கொஞ்சம் தயங்கினாள்.

"எங்க மலைல பிரசவத்துக்கு உக்காந்த பொம்பள சத்தமில்லாம இருந்தா பயந்துருவாங்க மேடம். கத்து, கத்துன்னு சொல்லுவாங்க. உள்ள அவ ஒரு கொரல் குடுத்தா, வெளிய நிக்கற பொம்பளைங்க அத்தன பேரும் பதில் கொரல் குடுப்பாங்க. நாங்க இருக்கோம்னு அவளுக்குத் தெரியணுமில்லைங்களா? அவ கொரல் நின்னுச்சுன்னா ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். உள்ள ஓடிருவாங்க."

"அப்போ இந்த வள்ளி?"

"அவ எங்க மலைன்னு எழுதியிருக்குது. ஒண்ணுமில்லைங்கன்னு அவ சொன்னதும் எனக்குப் பயமாயிருச்சுங்க மேடம். அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

பாக்கியவதி நேராக முதல்வர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா என்பது அவளுக்கே நினைவில்லை.

முதல்வர் கலாவல்லி கெட்டவள் இல்லை. நிர்வாகம் தெரிந்தவள், அவ்வளவுதான். இந்தப் பாவனை வார்டு மாநிலத்திலேயே முதலில் வந்தது இந்தக் கல்லூரிக்குத்தான், இங்கே நன்றாக நடந்தால் அடுத்த வருடம் அறுபத்திரண்டு கல்லூரிகளுக்குப் போகிறது, இப்போது போய் மதிப்பெண்ணில் தகராறு என்றால் எப்படி என்று கேட்டாள். பாக்கியவதி விடவில்லை. மலையில் பிறந்த பெண்ணுக்கு மலைப்பெண்ணைத் தெரியவில்லை, ஆனால் சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிந்துவிட்டதா என்று சத்தம் போட்டாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை மேல்முறையீட்டுக் குழு கூடுகிறது, கோபத்தைக் கொண்டுவராதீர்கள், ஆதாரத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னாள்.

ஆதாரம் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் போனது. இரண்டாம் நாளே அங்கேயிருந்து அஸ்வத் என்ற இளைஞன் வந்து இறங்கினான். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையானவன். சண்டைக்குத் தயாராக வந்த பாக்கியவதிக்கு அவனுடைய பணிவே எரிச்சலாக இருந்தது.

"வள்ளியோட சுபாவத்த நாங்க எழுதல மேடம். பிரசவ வார்டுகள்ல பாதுகாப்புக்காகக் கட்டிலுக்குக் கட்டில் மைக் வெச்சிருக்காங்க இல்லையா, அதுல பதினோரு வருஷப் பதிவு எங்களுக்குக் கிடைச்சுது. தொரட்டிமலைப் பெண்கள் மட்டும் ஆயிரத்து முந்நூத்தி நாப்பது பேர். எல்லாச் சமூகத்தையும் ஒப்பிட்டா வலின்னு வாய் திறக்கறது அவங்கதான் ரொம்பக் கம்மி. வள்ளி அதிலிருந்து தானாவே கத்துக்கிட்டா."

"நர்ஸ் என்ன கேட்டதுக்கு அவங்க அப்படிப் பதில் சொன்னாங்க?"

"அது இருக்காது மேடம். நோயாளி குரல மட்டும்தான் எடுத்துக்குவோம். ஊழியர் குரல வெட்டிருவோம். ஊழியர்களோட அந்தரங்கம் பாதிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

பாக்கியவதி அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வலியில் கிடக்கிற பெண்ணின் முனகலைப் பதினோரு வருடம் ஒட்டுக்கேட்கலாம், அதை எடுத்துப் பொம்மைக்குள் வைத்து விற்கலாம், அதற்கு அந்தரங்கம் கிடையாது. சம்பளம் வாங்குகிறவள் பேசியதற்கு அந்தரங்கம்.

"ஒருத்தர் பேசினத வெட்டிப்போட்டுட்டு இன்னொருத்தர் சொன்ன பதில மட்டும் வெச்சுக்கிட்டா, அது எப்படிங்க தம்பி சுபாவமாகும்?"

அஸ்வத், இந்தக் கோணத்தில் யாரும் கேட்கவில்லை என்று மெதுவாகச் சொன்னான். பிறகு அவனாகவே ஒரு வழி சொன்னான். வெட்டாத முழுப் பதிவுகள் காப்பகத்தில் இருக்கின்றன. மேல்முறையீடு செய்கிறவர்கள் கேட்டுப் பார்க்க விதி இருக்கிறது, இதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் பாவனை வார்டை ஒட்டிய சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜமுனாவுக்கு அன்று மருத்துவமனையில் பணி, அவள் வரவில்லை. பதிவுகளை அஸ்வத் ஒரு வரிசையில் அடுக்கியிருந்தான். வள்ளி எதிலிருந்து மிக அதிகமாகக் கற்றுக்கொண்டாளோ அது முதலில் வரும்படி. எல்லாமே இதே ஊர் மருத்துவமனையின் பிரசவ வார்டுப் பதிவுகள்தாம்.

முதல் பதிவு ஒன்பது வருடத்துக்கு முந்தையது. காலை பதினொன்று இருபது, ஆறாம் நம்பர் கட்டில். ஒரு பெண் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை, அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்த நீண்ட குரல். அது முடிந்ததும் எங்கேயோ தூரத்தில், வராந்தாவில் இருக்க வேண்டும், நாலைந்து பெண்கள் ஒன்றாகப் பதில் குரல் கொடுத்தார்கள். மறுபடி உள்ளேயிருந்து, மறுபடி வெளியேயிருந்து. ஜமுனா சொன்னது அப்படியே காதில் விழுந்தது. பாக்கியவதி மேசையைத் தட்டி, பாருங்கள், கேளுங்கள், இதுதான் அவர்கள் வழக்கம் என்றாள். அவளுக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது.

பிறகு வராந்தாவில் காவலாளி அதட்டுகிற சத்தம். பெண்களை வெளிக் கேட்டுக்குத் துரத்துகிறான். பதில் குரல் நின்றுபோனது. உள்ளே இருந்தவள் மட்டும் இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். செருப்புச் சத்தம் கட்டிலை நோக்கி வந்தது.

"என்னடி காட்டுக் கத்தல் கத்தற? இதென்ன உன் மலைன்னு நெனச்சியா? புள்ள வேணும்னு படுக்கறப்ப இனிச்சுதில்ல?"

தொடர்ந்து ஓர் அறை. தொடையிலா கன்னத்திலா தெரியவில்லை, சுத்தமான, பழகிய கையின் சத்தம்.

"இனி சத்தம் வந்துச்சுன்னா நடக்கறதே வேற. வலிக்குதா இப்போ?"

"ஒண்ணுமில்லைங்க சிஸ்டர்."

அது வள்ளியின் குரல். இம்மியும் பிசகாமல் அதே குரல், அதே இழுப்பு. அதற்கு முன்னால் பேசியது பாக்கியவதியின் குரல்.

அஸ்வத் பதிவை நிறுத்தினான். இரண்டு நாளாக அவளோடு பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு அந்தக் குரல் தெரியாமல் இருக்குமா? அவன் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அதுதான் கேவலம். நினைத்து வருந்துகிற அளவுக்கு அது அபூர்வமான காரியமாக இருந்ததே இல்லை. பிரசவ வார்டு என்றால் அப்படித்தான். ஒரு நர்சுக்குப் பதினாலு பேர், கத்துகிறவளுக்கு வலு போய்விடும், ஒருத்தி கத்தினால் மற்றவளும் கத்துவாள், அதட்டி வைத்தால்தான் ஒழுங்காகப் பிள்ளை பிறக்கும். அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வசதியான வீட்டுப் பெண்களை அவள் ஒருநாளும் அடித்ததில்லை என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது.

அடுத்ததைப் போடச் சொன்னாள். பன்னிரண்டு பதிவுகள் கேட்டார்கள். எல்லாவற்றிலும் முதலில் குரல் இருந்தது, பிறகு அதட்டல், பிறகு அமைதி. அமைதி வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனார்கள், அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும். பன்னிரண்டில் ஐந்து அவளுடைய குரல். மற்ற ஏழு பேரில் நாலு பேரை அவளுக்குத் தெரியும். ஒருத்தி சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள்.

"கமிட்டிக்குக் குடுக்கும்போது ஊழியர் குரல மாத்திக் குடுக்கலாம் மேடம். யாருன்னு தெரியாது" என்று அஸ்வத் சொன்னான். பாக்கியவதி எழுந்து போனாள்.

அவளிடம் ஒரே கோபம்தான் இருந்தது, நாலு நாளாக அதைக் கம்பெனி மேலும் முதல்வர் மேலும் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டில் சமைக்கவில்லை. தங்கை போன் செய்தபோது தலைவலி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை முதல்வர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஏதோ காதில் விழுந்திருக்க வேண்டும். விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம், ஜமுனாவுக்கு வேறு பொம்மையிடம் மறுதேர்வு வைத்துவிடலாம், கோமதி அம்மாளிடம் வைத்தால் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவாள், ஜூனில் வேலைக்கும் போய்விடுவாள் என்று சொன்னாள். நீங்களும் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர், பழைய குப்பையைக் கிளறினால் உங்களுக்கு மட்டுமா நாற்றம் என்று கடைசியாகச் சொன்னபோது அவள் குரலில் மிரட்டல் இல்லை, உண்மையான கரிசனம்தான் இருந்தது.

பாக்கியவதிக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைப்பானேன். பெண்ணுக்கு வேலை கிடைக்கிறது, வேறென்ன வேண்டும் என்று படியிறங்கும்போதே மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. ஜமுனாவைத் தேடிப் போய்ச் செய்தியைச் சொன்னாள். ஆடைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த ஜமுனா, சரிங்க மேடம், எழுதுகிறேன் என்றாள். வள்ளி என்ன ஆவாள் என்று கேட்கவில்லை. ஏழு தரம் கேட்டது தப்பா சரியா என்றும் கேட்கவில்லை.

"உனக்குக் கோவமில்லையா ஜமுனா?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

அந்தக் குரலைக் கேட்டதும் பாக்கியவதி அப்படியே நின்றுவிட்டாள். நாலு வருடம் இந்தக் கட்டடத்துக்குள் வைத்துப் படிப்பு சொல்லிக்கொடுத்து, கடைசியில் இதைத்தான் இவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அறுபத்திரண்டு கல்லூரி. கல்லூரிக்கு நூறு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ஆறாயிரம் நர்ஸ்கள் வள்ளிக்கு வலிக்காது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வெளியே வருவார்கள். தன் ஒரு கை பண்ணியதை இனிமேல் கை ஓங்காமலேயே பண்ணிவிடலாம், அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும், பண்பாடு என்ற பெயரும் கிடைக்கும். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று மாலையே அஸ்வத்துக்குப் போன் செய்து, குரலை மாற்ற வேண்டாம் என்று சொன்னாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. மூன்று பேர். தலைமை ரங்கநாயகி, மருத்துவமனையின் ஓய்வுபெற்ற நர்சிங் கண்காணிப்பாளர். பிரசவ வார்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாக்கியவதிக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இன்னொருவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், மூன்றாவது முதல்வர் கலாவல்லி. அஸ்வத் ஓரத்தில் கருவியோடு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் வர வேண்டும் என்று ஜமுனாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தார்கள்.

பாக்கியவதி ஜமுனா சொன்ன வழக்கத்தைச் சொன்னாள். கையேட்டின் நாலு வரியை வாசித்தாள். பிறகு முதல் பதிவைப் போடச் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரலும் வராந்தாவின் பதில் குரலும் அந்த அறையை நிறைத்தன. அப்புறம் செருப்புச் சத்தம், அதட்டல், அறை.

பேராசிரியர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, யார் அந்த நர்ஸ் என்று கேட்டார். முதல்வர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார்" என்றாள் பாக்கியவதி.

ரங்கநாயகி கையை உயர்த்திப் பதிவை நிறுத்தச் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது, ஆனால் அது பதிவின் மேல் வந்த கோபம் இல்லை. "இதெல்லாம் அந்தக் காலத்துல இருந்ததுதான். நாம எல்லாரும் செஞ்சதுதான். கண்டிச்சாத்தான் காரியம் நடக்கும். பிரசவம் நல்லபடியா ஆச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றாள்.

அது பாக்கியவதியைச் சீண்டியது. முழுசாக ஓடட்டும், எல்லாரும் கேட்கட்டும், கண்டித்துப் பெற்றதையும் கேட்டுவிடலாம் என்று ஆத்திரமாகச் சொன்னாள். அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தபோது அவள் அந்த அமைதியைத் தாண்டிக் கேட்டதில்லை. அஸ்வத் ஒருகணம் அவளைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாத இடங்களைத் தள்ளிவிட்டு ஓட்டினான்.

பன்னிரண்டே முக்காலுக்குக் குழந்தையின் அழுகை. பொம்பளப் பிள்ளை என்று பாக்கியவதியின் குரல் சொன்னது. குழந்தையைத் துடைத்து எடுத்துக்கொண்டு செருப்புச் சத்தம் தள்ளிப்போனது. ரங்கநாயகி, பார்த்தாயா என்பதுபோல மற்றவர்களைப் பார்த்தாள். அஸ்வத் நிறுத்தவில்லை.

ஒன்று பத்துக்கு அந்தப் பெண் ஏதோ சொன்னாள். கட்டிலிலேயே மைக் இருந்ததால்தான் அது பதிவாகியிருக்கிறது, இரண்டடி தள்ளி நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. "சிஸ்டர்... ஈரமா இருக்குதுங்க." கொஞ்சம் பொறுத்து, அதைவிட மெதுவாக, "சிஸ்டர்" என்று மட்டும். சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, அவள் சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு மணிக்கு வார்டில் ஆள் மாறுகிற பேச்சு, பாக்கியவதி யாரிடமோ ஆறாம் நம்பர் நார்மல் என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு இருபத்தைந்துக்கு வேறொரு நர்ஸ் போர்வையை விலக்கியிருக்க வேண்டும். ஐயோ என்றாள். ரத்தத்தில் கட்டில் நனைந்து கீழே ஒழுகியிருக்கிறது, டாக்டரைக் கூப்பிடு என்று ஓடினாள். டாக்டர் வந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்தச் சாவு அடுத்து வந்த நர்சின் பணிநேரக் கணக்கில் போயிருக்க வேண்டும், பாக்கியவதி காதுக்கு அது வரவே இல்லை.

இது எப்படி முதல் பதிவாக வந்தது என்று பேராசிரியர்தான் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு தொந்தரவு இல்லாமல் நீண்ட நேரம் அமைதி, ஊழியரை மிகக் குறைவாக அழைத்தது, அழைத்தபோதும் மென்மையான குரல் என்று இயந்திரம் குறித்திருப்பதை அஸ்வத் திரையிலிருந்து வாசித்தான். "ஒத்துழைப்பு நூற்றுக்கு நூறு சார். அதனால இந்தப் பதிவுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. வள்ளி பெரும்பாலும் இவங்கதான்."

ரங்கநாயகி பேனாவை எடுத்து உத்தரவை எழுத ஆரம்பித்தாள். வள்ளி பொம்மை உடனே நிறுத்தம். கையேடு வாபஸ். ஜமுனாவின் தேர்வு செல்லும், தேர்ச்சி. பாக்கியவதி மேல் தனியாக விசாரணை, அதுவரை வகுப்புக்குப் போகக் கூடாது. எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பாக்கியவதி வெளியே வந்தாள். ஜமுனா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நாலு வருடம் வகுப்பில் கேட்ட குரலை அடையாளம் தெரியாமல் போகுமா.

"பாஸ் போட்டுட்டாங்க ஜமுனா. ஜூன்ல நீ மலைக்குப் போயிரலாம்" என்றாள் பாக்கியவதி.

ஜமுனா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"அந்தக்கா பேரு என்னங்க மேடம்?"

"அன்னைக்கு வார்டுல பதினாலு பேரும்மா. நான் ஒருத்திதான்..."

"அந்தக்கா பேரு என்னங்க மேடம்?"

"ஆறாம் நம்பர் கட்டில்னு..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினாள்.

"பேருங்க மேடம்."

"தெரியாது ஜமுனா. நான் கேக்கவே இல்ல."

ஜமுனாவின் கண்ணில் தண்ணீர் இல்லை. அவள் பாக்கியவதியைக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது இருக்கும், மலையில் எந்த ஊரில் இருக்கிறது, யார் வளர்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜமுனா விடாமல் கேட்டாள், ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதிலுக்காகக் காத்திருந்தாள். பதில் வராது என்று தெரிந்ததும் பெஞ்சிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுல பிரசவப் பதிவேடு இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டிருவாங்க. வாங்க மேடம், நீங்கதான் கேட்டு வாங்கணும்" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் படியிறங்கத் தொடங்கினாள். பாக்கியவதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.